ஈசாக்கின் கிணறுகள்

(இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் குழுக் கூட்டங்களுக்கான விவிலியப் பாடம்)

இம்முறை எமது பாடத்துக்குத் தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆபிரகாமைப் பற்றியும் யாக்கோபைப் பற்றியும் நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். இருவருக்கும் இடையில் நிற்கும் ஈசாக்கைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தகப்பன் பலியிடக் கொண்டுபோன பிள்ளை, கண் மங்கிய காலத்தில் மகனிடம் ஏமாந்த கிழவர் என்ற இரண்டு காட்சிகளோடு அவரை விட்டுவிடுகிறோம். ஆனால் குலத்தந்தையருள் நிலத்தில் விதைத்து அறுத்தவர் என்று விவிலியம் வெளிப்படையாகச் சொல்வது இவரைத்தான். விதைத்த நிலத்திலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவரும் இவரே. வயலையும் வளவையும் விட்டு உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் வருடக்கணக்காகக் காலம் கழிக்கும் எம்மவர்களுக்கு இவர் கிட்டிய சொந்தக்காரர் எனலாம். எமது அயலவரான முஸ்லிம் மக்களும் இவரை இஸ்ஹாக் நபி என்று மரியாதையோடு சொல்வார்கள்.

கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாட்டில் பஞ்சம். ஈசாக்கு எகிப்துக்குப் போகாமல் பெலிஸ்தியரின் ஊராகிய கெராரில் தங்கி அங்கே விதைக்கிறார். அதே வருடத்தில் ஒன்றுக்கு நூறாக விளைகிறது. எமது கணக்கில் சொன்னால், ஓர் அவணம் விதைத்து நூறு அவணம் அறுத்த மனிதர். சூடு உயர உயர அயலாரின் பொறாமையும் உயர்கிறது. ஆபிரகாமின் காலத்தில் தோண்டிய கிணறுகளை அவர்கள் மண் போட்டு மூடுகிறார்கள். கடைசியில் அரசன் அபிமெலக்கே ஈசாக்கை அழைத்து, நீ எங்களுக்கு மேலாக வளர்ந்துவிட்டாய், இங்கிருந்து போய்விடு என்ற கருத்தில் சொல்லிவிடுகிறான்.

இங்கே சற்று நிற்போம். மூடியவர்களுக்கு அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. வறண்ட நாட்டில், மற்றவன் குடிக்கக் கூடாது என்பதற்காகத் தன் மாட்டுக்கும் இல்லாமல் செய்துகொண்டார்கள். 1990ஆம் ஆண்டு இக்கரையோரத்தில் எரிந்த வீடுகளையும் பாழாய்ப்போன கிணறுகளையும் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஈசாக்கு எழும்பிப் போகிறார். போன இடத்தில் அவர் செய்கிற முதல் வேலை, மூடப்பட்டிருந்த தகப்பனின் கிணறுகளைத் திரும்பத் தோண்டுவது. தகப்பன் வைத்த பழைய பெயர்களையே அவற்றுக்கு வைக்கிறார். பின்னர் புதிதாக ஒன்று தோண்டுகிறார்கள், ஊற்று வருகிறது. உடனே கெராரின் மேய்ப்பர்கள் வந்து, தண்ணீர் எங்களுடையது என்று சண்டை பிடிக்கிறார்கள். ஈசாக்கு அந்தக் கிணற்றுக்கு ஏசேக்கு என்று பெயர் வைக்கிறார். சச்சரவு என்று பொருள். இரண்டாவது கிணற்றிலும் அதே கதை. அதற்குச் சித்னா, அதாவது பகை என்று பெயர். மூன்றாவது கிணற்றில் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு இரகபோத்து, அதாவது விசாலமான இடம் என்று பெயரிடுகிறார்.

இப்பகுதியை வாசித்துவிட்டு, விட்டுக்கொடுத்துக்கொண்டே போ, ஆண்டவர் உனக்கு வேறிடம் தருவார் என்று போதிப்பவர்கள் உண்டு. இடம்பெயர்ந்த மக்களைப் பார்த்து இப்படிப் போதிப்பது இலகு. போதிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் காணி இருக்கும். ஈசாக்கு கூடாரத்தோடும் மந்தையோடும் திரிந்தவர். அவருக்கு முன்னால் பரந்த வெளி கிடந்தது. பொத்துவிலில் நின்று பார்த்தால் கிழக்கே கடல், மேற்கே காடு. இடையில் உள்ள ஒடுங்கிய நிலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருங்கி இருக்கிறோம். எமக்கு இன்னுமோர் இரகபோத்து காத்திருக்கிறது என்று எவரும் உறுதி தர முடியாது. ஆகவே ஈசாக்கு எங்கே போனார் என்பதை விட, போகும் வழியில் என்ன செய்தார் என்பதையே எமது பாடமாகக் கொள்வோம்.

முதலாவது, அவர் பெயர் வைத்தார். தனக்கு நடந்ததை மறைத்து, ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் நல்லபிள்ளை வேடம் போடவில்லை. சண்டை நடந்த கிணற்றுக்குச் சண்டை என்றே பெயர் வைத்தார். இன்றைக்கும் வேதத்தைத் திறப்பவர்கள் அந்தப் பெயரைத்தான் வாசிக்கிறார்கள். மன்னிப்பு என்றால் மறப்பது என்று எமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். மறக்கச் சொன்னவர் இயேசு அல்லர். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்க, கணக்கில் அடங்காத ஒரு தொகையை ஆண்டவர் சொல்வது எமக்கு மனப்பாடம். அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் இருப்பதை நாம் மனப்பாடம் செய்வதில்லை. உன் சகோதரன் உனக்குத் தீங்கு செய்தால் முதலில் தனியே போய் அவனுக்கு எடுத்துச் சொல். கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிப் போ. அதற்கும் கேளாவிட்டால் சபையில் சொல் என்பது அங்கே உள்ள போதனையின் சாரம். குற்றத்தைச் சொல்லுவதும் மன்னிப்பதும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. சொல்லுவது முன்னால் இருக்கிறது.

எமது மாவட்டத்தில் ஏசேக்கு என்றும் சித்னா என்றும் பெயர் வைக்கக்கூடிய இடங்கள் பல. 1985 ஏப்ரலில் காரைதீவு. 1986 பெப்ரவரியில் அக்கரைப்பற்றுக்கு மேற்கே உடும்பன்குளம். அங்கே இறந்தவர்கள் வயல் வேலைக்குப் போன தமிழர்கள். 1990 ஓகஸ்ட் 12இல் வீரமுனைப் பிள்ளையார் கோயில்; அங்கே இறந்தவர்கள் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்கள். 2006 செப்டெம்பர் 17இல் பொத்துவில் இறத்தல் குளம். அங்கே இறந்தவர்கள் குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள். பக்கத்து மாவட்டத்தில் 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர். சில நாட்களில் ஏறாவூர். நாம் ஒவ்வொருவரும் இவற்றில் ஒரு பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தமிழ் வீட்டில் வீரமுனை தெரியும், காத்தான்குடி தெரியாது. முஸ்லிம் வீட்டில் காத்தான்குடி தெரியும், உடும்பன்குளம் தெரியாது. உங்கள் குழுவில் இந்த ஊர்ப் பெயர்களை ஒருவர் வாசிக்க, தெரிந்தவர்கள் கை உயர்த்திப் பாருங்கள். மறு பாதியைக் கேட்டு அறியாதவர் மற்றவரை மன்னிப்பதாகச் சொல்வதில் ஒரு குறை இருக்கிறது. தன் பக்கத்திலும் மன்னிக்கப்பட வேண்டியது உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்பது எமது மேடைகளில் ஒலிக்கும் வழமையான பேச்சு. பொய்யென்று தள்ள முடியாது. இரு பகுதியாருக்கும் தாய்வழிக் குடிமுறை உண்டு. பேச்சும் ஒன்று, சீதனமும் ஒன்று, போடியார்-முல்லைக்காரர் தொடர்பும் வட்டவிதானைக்குக் கீழ் நீர் பாய்ச்சுவதும் ஒன்று. ஆனால் அவிந்த பிட்டை மட்டும் பேசினால் போதாது. அடுப்பு அணைந்த வருடங்களையும் பேச வேண்டும்.

இரண்டாவது, அவர் திரும்பத் தோண்டினார். தூர்ந்த கிணற்றைத் தோண்டியவர் தகப்பன் வைத்த பெயரையே திரும்ப வைத்தது வெறும் பாசத்தால் மட்டுமல்ல என்று நாம் நினைக்கிறோம். பெயர் உரிமையின் சான்று. இது ஆபிரகாம் தோண்டியது, அவர் இட்ட பெயர் இது, அயலாருக்கும் அது தெரியும். உறுதிப் பத்திரம் இல்லாத காலத்தில் இதுவே உறுதி.

பொத்துவில் கனகர் கிராமத்துத் தமிழ்க் குடும்பங்கள் 1990இல் எழும்பியவை. 2018 ஓகஸ்டில் அவர்கள் தம் காணி கேட்டு வீதியோரத்தில் பந்தலிட்டு அமர்ந்தபோது, அங்கே காடு வளர்ந்திருந்தது. அது வன இலாகாவுக்குரியது என்ற பதில் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஆள் கால் வைக்காத நிலத்தில் காடு வளராமல் வேறென்ன வளரும்? தெற்கே பாணமையில் ராகம்வெல முதலிய இடங்களிலிருந்த விவசாயிகளை 2010 ஜூலை 17இல் ஆயுததாரிகள் குடிசைகளை எரித்து விரட்டினார்கள். 2015 பெப்ரவரியில் காணியின் ஒரு பகுதியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் வந்தது, காணி வரவில்லை. 2016 மார்ச்சில் அந்த மக்களே உள்ளே போய்ப் பற்றை வெட்டத் தொடங்கினார்கள். காணி பிடுங்கப்பட்ட துயரம் எமக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறவர்கள் பாணமைச் சிங்களத் தாய்மாரோடு ஒரு தடவை கதைத்துப் பார்க்க வேண்டும்.

காணி கேட்பது மன்னியாமையின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்களுக்குள்ளேயே அந்த எண்ணம் இருக்கலாம்: போனது போகட்டும், கேட்டால் திரும்பவும் சண்டைதானே. இதற்கு அண்மைக்காலத்தில் எமது திருச்சபையே ஒரு விடை காட்டியது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு ஊருக்கு ஊர் பரவிய அந்நாட்களில், முஸ்லிம்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார். மறு வருடத்து உயிர்ப்புத் திருப்பலியில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்களா? இல்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோரும் குருக்களும் சட்டத்தரணிகளும் உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12இல் தீர்ப்பு வந்தது. மன்னித்தவர்கள்தான் வழக்காடினார்கள். பழி வாங்கும் எண்ணத்தை இறக்கி வைத்தவனுக்கு நியாயம் கேட்கக் கை வெறுமையாக இருக்கிறது.

காணி விடயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பையும் இங்கே சொல்லிவைப்போம். தனியார் காணியைப் பத்து வருடம் இடையூறின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். யுத்தத்தால் காணிப் பக்கம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்தது. ஆனால் அந்தச் சலுகையின் கீழ் வழக்கிட இரண்டு வருடமே தரப்பட்டது. எத்தனை பேருக்கு அது தெரிய வந்தது என்பது வேறு கதை. அனுமதிப்பத்திரக் காணி அரச காணி. அதற்கு வழி வேறு. பிரதேச செயலகத்தில் உள்ள காணிப் பதிவேட்டில் இருந்து தொடங்க வேண்டும். எந்தக் காணியானாலும், கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள் சோர்ந்துவிடக் கூடாது. நான்கு எல்லையும் சொல்லத் தெரிய வேண்டும்: வடக்கே யார் வயல், கிழக்கே எந்த வாய்க்கால், எந்த மரம், கிணறு எங்கே இருந்தது, அந்தக் கிணற்றை வெட்டியவர் யார். எரேமியா இறைவாக்கினர் எருசலேம் முற்றுகையில் கிடந்த நாளில் அனத்தோத்தில் 17 வெள்ளிக் காசு கொடுத்து வயல் வாங்கினார். உறுதியை இரண்டு பிரதியாக எழுதி மண் சாடியில் இட்டு வைக்கச் செய்தார். இன்று மண் சாடிக்குப் பதிலாகப் போட்டோப் பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோன உறுதிகள் இக்கரையில் கொஞ்சநஞ்சமல்ல.

இனி மேய்ப்பர்களிடம் வருவோம். வாசித்தபோது கவனித்திருப்பீர்கள், கிணற்றடியில் சண்டை பிடித்தவர்கள் ஈசாக்கும் அபிமெலக்கும் அல்லர், இருவரின் மேய்ப்பர்கள். எங்கும் அப்படித்தான். தலைவர்கள் கூடாரத்துக்குள் இருப்பார்கள், வெயிலில் நிற்பவன் அடிபடுவான். எமது மாவட்டத்தில் இந்த அதிகாரத்தை அப்படியே எழுதி வைத்தாற்போல ஓர் இடம் இருக்கிறது: வட்டமடு. திருக்கோவில், ஆலையடிவேம்புப் பகுதித் தமிழ்க் கால்நடைக்காரர்கள், இது 1976இல் வர்த்தமானியில் மேய்ச்சல்தரையாகப் பிரசுரிக்கப்பட்ட நிலம் என்கிறார்கள். அக்கரைப்பற்று முஸ்லிம் விவசாயிகள், நாங்கள் அதற்கு முன்பிருந்தே வேளாண்மை செய்த வயல் என்கிறார்கள். இரு பகுதியாரிடமும் காட்டத் தாள்கள் இருக்கின்றன. மாடு வேளாண்மைக்குள் இறங்கினால் ஒரு சண்டை. வேலி போட்டால் இன்னொரு சண்டை. இதற்கிடையில் வன இலாகாவும் அது தன் எல்லைக்குள் என்று வந்து நின்றது. மாட்டுக்காரரும் வயல்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது கை கிணற்றை மூடிவிடும் ஆபத்து இப்படித்தான் வருகிறது.

இவ்விடத்தில் தலைவர் எனப்படுபவர் செய்ய வேண்டியது என்ன? தன் ஆட்களைத் திரட்டி மற்றப் பக்கத்தைத் திட்டுவதற்குத் திறமை தேவையில்லை. ஈசாக்கு தன் மேய்ப்பர்களை அடிதடிக்கு அனுப்பவில்லை. அவரிடம் ஆள் பலம் இருந்தது. அதனால்தான் அபிமெலக்கு பயந்தான். பலம் இருந்தும் தன் ஆட்களைப் பிடித்து நிறுத்தினார். தன் பக்கத்து இளைஞர்களின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும். மற்றவனைத் திட்டினால் கைதட்டுக் கிடைக்கும். தன்னவனைத் தடுத்தால் துரோகி என்ற பெயர் கிடைக்கும். கல்முனையில் 2019 ஜூனில் வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு ஒரு பந்தலில் உண்ணாவிரதம். அதற்கு எதிராக இன்னொரு பந்தலில் சத்தியாக்கிரகம். ஒரே பட்டினம், இரண்டு பந்தல். யார் பக்கம் நியாயம் என்று இங்கே நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு பந்தலிலிருந்து எழும்பி மற்றப் பந்தலுக்கு நடந்துபோய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் தலைவர் அந்த நாட்களில் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதை மட்டும் சொல்கிறோம்.

நடந்து போனவர்கள் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து, இந்நாட்டுக்கு இளமையில் வந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைக் கூடைப்பந்தாட்டத்தில் பயிற்றிய இயேசுசபைக் குருவானவர் யூஜின் ஹேபர்ட் அடிகளாரைக் கிழக்கில் வயது வந்தவர்கள் அறிவார்கள். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் பணி செய்தவர். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பேட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞர் கூட இருந்தார். காத்தான்குடியும் ஏறாவூரும் எரிந்துகொண்டிருந்த கிழமைகள் அவை. அந்தப் பாதையில் இருவரும் காணாமல் போனார்கள். இன்றுவரை செய்தி இல்லை. சமாதானம் பேசப் போகிறவர்களுக்கு நாம் வெள்ளைக்கொடியும் மாலையும் மட்டும் காட்டினால் அது பொய்யாகிவிடும். ஆகவே இதையும் குழுவில் சொல்லுங்கள்.

2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலில் தொடங்கி 7ஆம் திகதி வடக்கே பொலிகண்டியில் முடிந்த நடைபயணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்று தமிழர் கோரிக்கைகள் பல. அவற்றோடு, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காமல் அடக்கம் செய்ய விடு என்ற கோரிக்கையும் இருந்தது. தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் மக்கள் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். அம்மாத முடிவில் அடக்கத்துக்கு அனுமதிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. நடைபயணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம், உலக நாடுகளின் அழுத்தமும் இருந்தது. எரித்தமைக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரியது. மற்றவனின் மையத்துக்காக ஒருவன் நடந்த அந்த ஐந்து நாட்களில், பல மேடைப்பேச்சுகளால் ஆகாத ஒன்று ஆனது. பின்னர் அது வளர்க்கப்படவில்லை என்பது வேறு துயரம்.

அதிகாரத்தின் கடைசிப் பகுதிதான் எமக்கு மிகவும் பிடித்தது. ஈசாக்கு பெயேர்செபாவுக்குப் போய்ப் பீடம் கட்டி, கூடாரம் அடித்து, அங்கும் கிணறு தோண்டத் தொடங்குகிறார். அப்போது யார் வருகிறார்? விரட்டிய அபிமெலக்கு. தனியாக அல்ல, ஆலோசகனையும் படைத்தலைவன் பிக்கோலையும் கூட்டிக்கொண்டு வருகிறான். ஈசாக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. என்னை வெறுத்து அனுப்பிவிட்டு இப்போது எதற்காக வந்தீர்கள் என்று நேரே கேட்கிறார். அவர்களுடைய பதிலைக் கேட்டால் சிரிப்பு வரும். நாங்கள் உமக்கு நன்மையே செய்தோம், சமாதானமாகத்தானே அனுப்பினோம் என்கிறார்கள்! மூடிய கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விரட்டியவர்கள் எக்காலத்திலும் இப்படித்தான் கதைப்பார்கள் போலும். முழுமையான பாவசங்கீர்த்தனம் வந்த பிறகுதான் மன்னிப்பேன் என்று ஈசாக்கு இருந்திருந்தால் அந்தக் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்க வேண்டியதைக் கேட்டார். கிடைத்த அரைகுறைப் பதிலோடு அவர்களுக்கு விருந்து வைத்தார். விடிய எழும்பி ஒருவருக்கொருவர் ஆணையிட்டார்கள். பிறகு அவர்களை வழியனுப்பினார்.

இது எல்லாருக்கும் இயலுமா? திருக்கோவிலில் பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாயிடம் ஒருவரும் வந்து எதையும் கேட்கவில்லை. அரைகுறைப் பதில்கூட வரவில்லை. அவளிடம் போய் ஈசாக்கைப் போல விருந்து வை என்று சொல்ல எமக்கு வாய் வராது. வயலும் மாடும் தண்ணீரும் பற்றிய பகையில் ஈசாக்கின் வழி திறந்திருக்கிறது, அங்கே தொடங்குவோம். அவளுக்குரியதை அவளே ஆண்டவரோடு பேசட்டும். நாம் அவள் பக்கத்தில் நிற்போம்.

விருந்தைப் பற்றி ஒரு சொல். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரே சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து உண்பதைக் கண்டிருப்பீர்கள். கூட உண்பவனைச் சந்தேகிக்க முடியாது. கை ஒரே சோற்றுக்குள் போகிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் தலைவர்கள் கூடி, கிழக்கில் முஸ்லிம் விவசாயிகள் தம் வயல்களுக்குப் போவது பற்றியும் உடன்பாடு கண்டார்கள். தாளில் அது நல்ல உடன்பாடு. வட்டையில் நிற்கும் விவசாயியும் மாட்டுக்காரனும் அந்தப் பந்தியில் இல்லை. ஆகவே வரம்பில் அது நிலைக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தைப் பாருங்கள். விதைப்பு எப்போது, மதகு திறப்பது எப்போது, எந்தத் திகதிக்குள் மாடுகளை அப்புறப்படுத்துவது என்று தமிழரும் முஸ்லிம்களும் ஒரு மண்டபத்தில் இருந்து தீர்மானிக்கிறார்கள். தீர்மானத்தை மீறினால் தண்டமும் உண்டு. கடதாசியில் அதற்குச் சமாதானம் என்று பெயர் இல்லை. ஆனால் பெயேர்செபாவில் நடந்ததற்கு எமது நாட்டில் இதை விடக் கிட்டிய ஒன்றை நாம் காணவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் இக்கூட்டங்களுக்குப் போவதில்லை. வயல் கையில் இல்லையே, என்ன முகத்தோடு போவது என்று நிற்கிறார்கள். போங்கள். கமக்காரர் அமைப்பின் பழைய அங்கத்தவர் என்று சொல்லிப் பின்வரிசையிலாவது இருங்கள். நீங்கள் இல்லாத கூட்டங்களில் உங்கள் வாய்க்கால் வேறு பெயரில் எழுதப்படும்.

அபிமெலக்கு போன அதே நாளில் ஈசாக்கின் வேலைக்காரர் வந்து, தோண்டிக்கொண்டிருந்த கிணற்றில் தண்ணீர் கண்டோம் என்கிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னர் இந்த அதிகாரத்தை வீட்டில் ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். பிறகு ஒரு கொப்பித் தாளில் உங்கள் காணியின் படத்தைக் கீறுங்கள். அளவு பிழைத்தாலும் பரவாயில்லை. கிணறு, வாய்க்கால், வரம்பு, நின்ற மரங்கள், வாடி இருந்த இடம் எல்லாம் குறியுங்கள். நான்கு பக்கத்து அயல் காணிக்காரரின் பெயர்களையும் எழுதுங்கள். முஸ்லிமானால் முஸ்லிம், சிங்களவரானால் சிங்களவர். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் யார், எங்கே இருக்கிறார், உங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளியவரா என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெயர்களில் முதலில் யாரிடம் போவது என்பதைக் கூட்டத்தில் பேசுவோம்.